ஒதுக்கி வைத்த சொல்

ஜூன் 3

சின்னவளுக்கு,

ஏன் போனை எடுக்கவில்லை என்று கேட்டுச் செய்தி மேல் செய்தி அனுப்புகிறாய். நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் போனில் நீ அழ ஆரம்பித்துவிடுவாய். நீ அழுதால் நான் சமாதானம் சொல்லும்படி ஆகிவிடும். ஐம்பதை நெருங்கியும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. கடிதத்தில் நீ அழுவது எனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை கல்லூரியிலிருந்து வந்து கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. என் மகள் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, "உட்காரும்மா, சித்தி எடுத்த கிளாஸ் பார்க்கலாம்" என்றாள். உன் பயிற்சி நிலையம் இணையத்தில் போட்டிருக்கும் பாடங்களில் ஒன்று. தலைப்பு, 'ஒதுக்கப்பட்ட சொற்கள்'. நான் என் மாணவர்களுக்காக யோசித்து வைத்த தமிழ் அது. நீ அதை எடுத்துப் புழங்குகிறாய் என்று பார்த்ததும், உண்மையைச் சொன்னால், பெருமையாகத்தான் இருந்தது.

முதல் பாதி நன்றாகவே போயிற்று. நிரல்மொழி சில சொற்களைத் தனக்கென்று எடுத்து வைத்துக்கொள்கிறது; கிளாஸ், நியூ, திஸ், பிரைவேட் போன்றவை; நாம் எழுதும் நிரலில் எதற்கும் அந்தப் பெயரை வைக்க முடியாது; வைத்தால் கம்பைலர் ஏற்காது. எல்லாம் சரி. 'ஒன்றுமில்லை' என்று பொருள்படும் 'நல்' என்பதையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டாய். அது சாவிச்சொல் அல்ல, ஒரு மதிப்பு. இதை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். போகட்டும், அதற்காக இந்தக் கடிதம் இல்லை.

பிறகு 'கோட்டோ' என்ற சொல்லுக்கு வந்தாய். நீ பேசியதை அப்படியே எழுதுகிறேன். மறுபடி மறுபடி பார்த்ததில் மனப்பாடமாகிவிட்டது.

"இந்த மொழியில கோட்டோன்னு ஒரு சொல் இருக்கு. அதுக்கு ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் வேற யாரும் தொடக்கூடாதுன்னு ஒதுக்கி வச்சிருக்காங்க. புரியலையா? எனக்கு ஒரு வீடு தெரியும். அந்த வீட்டுல 'அப்பா'ங்கற சொல் அப்படித்தான். அம்மாவும் சொல்ல மாட்டாங்க, பொண்ணையும் சொல்ல விட மாட்டாங்க. செத்துட்டாருன்னு சொல்லியே வளர்த்துட்டாங்க. அந்த மனுஷன் இன்னொரு ஊர்ல சொந்தமா மூக்குக்கண்ணாடிக் கடை போட்டு நல்லாத்தான் இருக்காரு. பொண்ணு பேரா? அரைப்புள்ளின்னு வச்சுக்குவோமே."

வகுப்பு சிரித்தது. நீயும் சிரித்தாய்.

நான் நிரல் எழுதும்போது மடியில் ஏறி உட்கார்ந்து, ஒவ்வொரு வரி முடிவிலும் அரைப்புள்ளி வைப்பது தன் வேலை என்று அடம்பிடித்த பிள்ளைக்கு நீ வைத்த பட்டப்பெயர் அது. அவள் மடிக்கணினியை மூடினாள்.

"அம்மா, அரைப்புள்ளின்னு உலகத்துல எத்தனை பேர் இருப்பாங்க?"

அப்போதுதான் கைப்பையை இறக்கி வைத்தேன்.

"அப்பா இருக்காரா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

இருக்கிறார் என்றேன். "சரி" என்றாள். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடித்துச் சாத்தியிருந்தால்கூட எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். சத்தமே வராமல் சாத்தினாள்.

அவளுக்கு இரண்டு வயதில் அவர் வீட்டை விட்டுப் போனார். அதை நான் சொன்னது உன் ஒருத்தியிடம். நம் அம்மாகூட, மாப்பிள்ளை வெளியூரில் இறந்துவிட்டார் என்று நம்பியபடியே போய்ச் சேர்ந்தாள். எனக்கு இருப்பது அந்தப் பெண் ஒருத்திதான். அவள் என்னை நம்புகிறாள் என்பதை வைத்துத்தான் இந்த வீடு இத்தனை வருடம் ஓடியது.

அந்தப் பாடத்தை எடுத்துவிடு. பிறகு, ஏன் செய்தாய் என்று எழுது. கதை வேண்டாம்.

அக்கா


ஜூன் 10

அக்கா,

அழுதேன். உனக்குத் தெரியாது என்று எழுதியிருந்தாயே, அதனால் தெரிவிக்கிறேன்.

பாடத்தை எடுக்கச் சொல்லி நிர்வாகியிடம் போய் நின்றேன். "மேடம், அந்த கோட்டோ கதைக்குத்தான் ஆளே வர்றாங்க, அதையா எடுக்கச் சொல்றீங்க" என்று கேட்டுவிட்டு, எனக்கு முன்னாலேயே வேறு யாருக்கோ போன் போட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார். மறுபடியும் கேட்பேன். சத்தியமாகக் கேட்பேன்.

ஏன் செய்தேன் என்றால், என் வகுப்பறையை நீ பார்த்ததில்லை. ஏசி ஒழுகுகிறது என்று அதன் அடியில் ஒரு வாளி. வெள்ளைப் பலகையில் எழுதினால் பேனா பாதியில் வறண்டுவிடும். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள் மொத்தப் பேரும் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள். வேலையே இல்லாத ஒரு சொல்லை ஏன் ஒதுக்கி வைக்க வேண்டும் என்று எத்தனை விதமாகச் சொன்னாலும் ஏறவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். வாய் தவறி வந்துவிட்டது. அந்தப் பட்டப்பெயரும் அப்படித்தான். நாக்கு நுனியில் எப்போதும் இருக்கிற பெயர்.

தப்புத்தான். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே.

எனக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தவள் நீ. பிரைவேட் என்று குறித்துவிட்டால் வெளியாள் யாரும் அதைத் தொட முடியாது என்று நான் நோட்டில் எழுதிக்கொண்டபோது, "அவசரப்படாதே, அதே வகுப்பிலிருந்து, அதாவது ஒரே அச்சிலிருந்து, பிறந்த இன்னொரு பொருள் தொடலாம், எல்லாரும் கோட்டைவிடும் இடம் இதுதான்" என்று தலையில் தட்டினாய். நாம் இரண்டு பேரும் ஒரே வகுப்பு, அக்கா. உன் பிரைவேட் எனக்கு எப்போதும் திறந்துதான் கிடந்தது. அது உன் விஷயம், என் விஷயம் இல்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் போன பிறகு உன்கூட இருந்தது யார்? பிள்ளையைத் தூங்க வைத்தது யார்?

நீ என்னைப் பற்றி எழுதியதில் எல்லாம் சரி. ஒன்று மட்டும் நீ எழுதவில்லை. நான் வகுப்பில் சொன்னதில் எது பொய்?

அரைப்புள்ளியிடம் பேசினாயா? என்ன சொல்கிறாள்?

உன் தங்கை


ஜூன் 19

சின்னவளுக்கு,

விதியைச் சரியாகவே நினைவில் வைத்திருக்கிறாய். அதன் மறுபாதியையும் உனக்குச் சொல்லியிருந்தேன். ஒரே வகுப்பைச் சேர்ந்த பொருள் எட்டிப் பார்க்கலாம். பார்த்ததை எடுத்து வெளியில் கொடுக்க வேண்டுமென்றால், அதற்கென்று ஒரு செயல்கூறு எழுதி, அதன் தலையில் பப்ளிக் என்று யாராவது தன் கையால் குறிக்க வேண்டும். அது வாய் தவறி நடக்காது. யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும்.

உன் கேள்விக்குப் பதில். நீ சொன்னதில் எது பொய் என்று தேடித்தான் நானும் அந்தப் பாடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பொய் அகப்படவில்லை, வேறொன்று அகப்பட்டது. 'சொந்தமாக மூக்குக்கண்ணாடிக் கடை' என்கிறாய். இங்கே இருந்தவரை அவர் இன்னொருவர் கடையில் சம்பளத்துக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தார். சொந்தக் கடை வைத்தது எனக்கே தெரியாது. உனக்கு எப்படித் தெரிந்தது?

அரைப்புள்ளி என்ன சொல்கிறாள் என்று கேட்டிருந்தாய். ஒன்றும் சொல்லவில்லை. தேர்வுக்குப் படிக்க வசதியாக இருக்கும் என்று கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். வீட்டில் நான்கு அறை இருக்கிறது, இரண்டு பேர் இருந்தோம், வசதி போதவில்லையாம். போன ஞாயிற்றுக்கிழமை போர்வையும் இஸ்திரிப் பெட்டியும் எடுக்க வந்தாள். மூக்கில் புதிதாகக் கண்ணாடி.

"என்னடி இது?"

"தூரத்துல இருக்கறது கொஞ்சம் மங்கலாத் தெரியுதாம்மா."

"யார் சொன்னது?"

"டெஸ்ட் பண்ணவர் சொன்னாரு."

கண்ணாடிப் பெட்டியை மேசையிலேயே வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போனாள். அதன் மூடியில் கடையின் பெயரும் தெருவும் பொன் எழுத்தில் அச்சிட்டிருந்தது. இரண்டு ரயில் மாறிப் போக வேண்டிய ஊர். கடைக்கு அவர் தன் பெயரையே வைத்திருக்கிறார். நான் பெட்டியைத் தொடவில்லை. அவள் வந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "வரேன்மா" என்றாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். பசி இல்லை என்றாள். என் பெண்ணுக்குப் பசி இல்லாமல் நான் பார்த்ததில்லை.

உன் பாடத்தில் ஊர் பெயர் இல்லை, தெரு இல்லை, கடையின் பெயரும் இல்லை. மூன்றையும் யார் கொடுத்தார்கள்? வாய் தவறியது என்ற கதையைத் திரும்ப எழுதாதே. நான் நாள் முழுக்க இருபது வயதுப் பிள்ளைகளிடம் சாக்குக் கேட்டுப் பிழைக்கிறவள்.

அரைப்புள்ளியின் அம்மா


ஜூலை 1

அக்கா,

இந்தக் கடிதத்தைப் பல தடவை எழுதிக் கிழித்தேன். கிழிக்காமல் விட்டது இது. இதிலும் நான் நல்லவளாகத் தெரியப்போவதில்லை.

அவர் எனக்குப் போன் செய்வார். அடிக்கடி இல்லை. வருடத்தில் சில தடவை. "பொண்ணு எப்படி இருக்கா, என்ன படிக்கிறா" என்பார். சொல்வேன். வேறு ஒன்றும் பேசியதில்லை. உன்னைப் பற்றிக் கேட்க மாட்டார், நானும் சொல்ல மாட்டேன். முதல் தடவை போன் வந்தபோதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நீ அப்போதுதான் பழையபடி சாப்பிட ஆரம்பித்திருந்தாய். பிறகு சொல்லலாம் என்று தள்ளினேன். தள்ளத் தள்ள, சொல்ல முடியாத அளவுக்கு அது பெரிதாகிவிட்டது. உனக்கு இது புரியும் என்று நினைக்கிறேன். வேறு யாருக்குப் புரியும்?

அரைப்புள்ளிக்கு விஷயம் தெரிந்தது இந்த வருடம் அல்ல. அவளுக்குப் பதினாறு வயதிலேயே தெரியும். லீவுக்கு என் வீட்டுக்கு வந்திருந்தாளே, அப்போது. சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டே, "சித்தி, அப்பா எதுல செத்தாரு?" என்று கேட்டாள். காய்ச்சல் என்றேன். நீ அப்படித்தான் சொல்லியிருப்பதாக எனக்கு ஞாபகம். "அம்மா போன வருஷம் காய்ச்சல்னு சொன்னா. இந்த வருஷம் ஆக்சிடென்ட்டுங்கறா. ரெண்டு தடவையா செத்தாரு?" என்றாள். கையில் தட்டை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அவள் பார்வை உனக்குத் தெரியும், அது உன் பார்வை. என்னால் மேற்கொண்டு பொய் சொல்ல முடியவில்லை.

உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். "அம்மாவே சொல்லுவா, நான் வெயிட் பண்றேன்" என்றாள். மூன்று வருடம் வெயிட் பண்ணினாள், அக்கா. ஒவ்வொரு லீவிலும் வந்து, "இன்னும் சொல்லலை" என்பாள். பதினெட்டாவது பிறந்தநாளன்று சொல்லிவிடுவாய் என்று நிச்சயமாக நம்பினாள். நீ அவளுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக்கொடுத்தாய்.

பாடம் அவளுடைய யோசனை. "நேராப் போய்க் கேட்டா நீங்க சொன்னது தெரிஞ்சுடும், அம்மா உங்களைச் சும்மா விட மாட்டா. கிளாஸ்ல வாய் தவறி வந்த மாதிரி சொல்லிடுங்க. நான் அதைக் காட்டிக் கேட்கறேன். அப்போ நீங்களும் மாட்டினதா ஆகாது, அம்மாவுக்கும் சொல்ல ஒரு வழி கிடைக்கும்." அந்தப் பெயரைச் சேர்க்கச் சொன்னதும் அவள்தான். கோட்டோ மட்டும் என் யோசனை. உன் பழைய பாடக் குறிப்பைப் புரட்டியபோது தோன்றியது.

நீ சொன்னது சரி. யாரோ உட்கார்ந்துதான் எழுதினோம். இரண்டு பேர் உட்கார்ந்து எழுதினோம்.

கடையின் முகவரியையும் நான்தான் கொடுத்தேன். அது உன் மேசை மேல் பாடம் ஓடிய பிறகு, அவள் கேட்டபோது. இது ஒன்றாவது உனக்குப் பின்னால் மூன்று வருடம் நடந்தது அல்ல.

நிர்வாகி பாடத்தை எடுக்கச் சம்மதித்துவிட்டார். இந்த வாரத்துக்குள் எடுத்துவிடுவார்கள்.

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

சின்னவள்


ஜூலை 14

உன் கடிதத்தை வாசித்துவிட்டு விடுதிக்குப் போனேன். உனக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் அவளைப் பார்க்க வேண்டியிருந்தது.

பார்வையாளர் அறை ஒன்று வைத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் ஒரு மின்விசிறி, மூலையில் தண்ணீர் இயந்திரம் ஒன்று உறுமிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இன்னொரு அம்மா தன் மகளுக்குத் தலையணை உறை மாட்டிக்காட்டிக்கொண்டிருந்தாள். அவர்கள் போகும்வரை நாங்கள் இருவரும் எதிரெதிரே சும்மா உட்கார்ந்திருந்தோம்.

"தெரிஞ்சுக்கிட்டே மூணு வருஷம் என்கூட உட்கார்ந்து சாப்பிட்டிருக்கே" என்றேன்.

"நீ பதினேழு வருஷம் சாப்பிட்டியே" என்றாள்.

 இதற்கு ஒரு பதில் உன்னிடம் இருக்கும், நீ எதற்கும் ஒரு உதாரணம் வைத்திருப்பாய்.

ஏன் நேராகக் கேட்கவில்லை என்றேன். "கேட்டேனே. பிறந்தநாளன்னிக்குக்கூடக் கேட்டேன். பால் பொங்குதுன்னு எழுந்து போயிட்டே. அடுப்புல பாலே இல்லைம்மா" என்றாள். சிரித்துவிட்டாள். எனக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். ஏனென்றால் அன்று அந்தச் சாப்பாட்டு மேசையில் அவள் கேட்ட கேள்வி என் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அப்பா இருக்காரா இல்லையா என்று என்னை நேராகப் பார்த்துக் கேட்டாளே, அது தெரிந்துகொள்ளக் கேட்டது அல்ல. சொல்கிறேனா என்று பார்க்கக் கேட்டது. நான் கேள்வித்தாள் தயாரிப்பது போல அதை நீங்கள் இரண்டு பேரும் தயாரித்திருக்கிறீர்கள். என் பெண் கதவைச் சாத்திக்கொண்டபோது நான் வெளியே கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே அவள் உனக்கு, "முடிஞ்சுது சித்தி" என்று செய்தி அனுப்பியிருக்கிறாள். அதை அவளே காட்டினாள். இனி எதையும் மறைக்க மாட்டாளாம்.

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் கேட்டதற்கு அவளுக்கு உரிமை இருந்தது. நீ கொடுத்ததற்கு உனக்கு என்ன உரிமை என்றுதான் வந்த வழியெல்லாம் யோசித்தேன். பிள்ளையைத் தூங்க வைத்தேன் என்று எழுதியிருந்தாய். உண்மை, மறுக்கவில்லை. அதற்குச் சம்பளமாக அவரிடம் என் வீட்டுச் செய்தியைப் பேசிக்கொண்டிருந்தாய் என்பது எனக்குத் தெரியாது.

"அவர் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"உன்னைப் பத்தித் தப்பா ஒரு வார்த்தை சொல்லலை. அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு."

"என்ன சந்தேகம்?"

"விட்டுட்டு ஓடினவர் ஏதாவது சாக்கு சொல்லணும்ல. இவர் ஒண்ணுமே சொல்லலை. அம்மாகிட்ட கேளுன்னாரு. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து எதையோ மறைக்கற மாதிரி இருக்கு."

என் பெண் கெட்டிக்காரி. உனக்கு இத்தனை வருடத்தில் அந்தச் சந்தேகம் வரவில்லை பார்.

அவர் போன சமயம் உன் தோளில் சாய்ந்து, "போயிட்டாருடி" என்று உன்னிடம் சொன்னேன். நீ அதற்கு மேல் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் ஏன் போனார், போகிற அன்று இந்த வீட்டில் யார் என்ன சொன்னது, அதற்குப் பிறகு ஒரு தடவை அவர் திரும்பி வந்தபோது என்ன நடந்தது, இவை எதுவும் உனக்குத் தெரியாது. உன்னிடம் இருந்தது முழு உண்மை என்று நினைத்துக்கொண்டுதான் என் மகளுக்கும் உன் மாணவர்களுக்கும் எடுத்துக்கொடுத்தாய்.

அவ்வளவையும் அவளிடம் சொன்னேன். எனக்குச் சாதகமாக இல்லாததையும் சேர்த்துத்தான். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு எழுந்து கீழே போனாள். திரும்ப வர மாட்டாள் என்றே நினைத்தேன். இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்தாள். என்னை மன்னித்துவிட்டாள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. டீ குடித்தோம், அவ்வளவுதான். விடுதியில்தான் இருக்கப்போகிறாள். சனிக்கிழமைகளில் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

பாடத்தை எடுக்க வேண்டாம் என்று உன் நிர்வாகியிடம் சொல்லிவிடு. இருக்கட்டும். அதில் இருப்பது தவறான உதாரணம். தவறான உதாரணத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

சரியானது எது என்று கேட்டு எழுதாதே. அவரும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார் என்பது இப்போது நிச்சயமாகிவிட்டது. சொல்லியிருந்தால் அதுவும் அந்த வகுப்பில் வந்திருக்கும்.


ஆகஸ்ட் 2

அக்கா,

கேட்டு எழுதாதே என்றாய். உன்னிடம் கேட்கவில்லை.

அவருக்குப் போன் செய்தேன். கடையில் ஆள் இருக்கிறார்கள், பிறகு பேசுகிறேன் என்றார். பிறகு பேசவில்லை. அதற்கப்புறம் நான் போன் செய்தால் எடுப்பதும் இல்லை. நீ ஏதாவது சொன்னாயா என்று நான் கேட்கப்போவதில்லை. சொல்லியிருந்தால் நியாயம்தான்.

உன் கடிதம் வந்த அன்றிலிருந்து பழையதையெல்லாம் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். அந்த மாதங்களில் உன்கூடவே இருந்தேன். உன் துணியைத் துவைத்தேன். நீ தூக்கத்தில் பேசியதைக்கூடக் கேட்டிருக்கிறேன். என்கிட்டயாவது முழுசாகச் சொன்னாய் என்று நினைத்துக்கொண்டுதான் இத்தனை வருடம் இருந்தேன். அதை வைத்துத்தான் உன் வீட்டில் எனக்கு ஒரு இடம் இருப்பதாக நினைத்தேன். உனக்கு நான் செய்ததற்கு முன்னால் இதைச் சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனாலும் சொல்கிறேன். எனக்கும் வலிக்கிறது.

நேற்று அரைப்புள்ளி வந்திருந்தாள். இந்தப் பக்கம் ஏதோ நேர்முகத் தேர்வாம். வழக்கம்போல் சமையலறையில் வந்து நின்று பாத்திரம் துடைத்துக் கொடுத்தாள். புதுக் கண்ணாடி அவளுக்கு நன்றாக இருக்கிறது. பரீட்சை, விடுதிச் சாப்பாடு, அறைத்தோழியின் குறட்டை என்று எல்லாம் பேசினாள். கடைசியில் பொறுக்க முடியாமல், "அம்மா உன்கிட்ட என்னடி சொன்னா?" என்று கேட்டுவிட்டேன்.

தட்டைத் துடைத்து முடித்து அடுக்கில் வைத்தாள். கையை ஈரத் துணியிலேயே துடைத்துக்கொண்டாள்.

"வேண்டாம் சித்தி" என்றாள். "உங்ககிட்ட சொன்னா அது பாடமாயிடும்."

சின்னவள்